வட்டியில்லாக் காசுக்கு 18 வீத வட்டி

கேள்வி: பருத்தித்துறைப் பக்கம் இருக்கிறேன், வயது 38. சொந்தமாக ஒரு டபிள் கப் இருக்கிறது. போன வருடம் மெல்பேணில் இருக்கிற மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சொல்லி, கரடுமுரடான பாதையிலும் இழுக்கக்கூடிய கரவன் ஒன்று, அதாவது உள்ளே தங்கக்கூடிய இழுவை வண்டி, செய்வித்தேன். மொத்தச் செலவு 45 இலட்சம். 15 இலட்சம் மச்சான் தந்தார், வட்டி எதுவும் கேட்கவில்லை. மிச்சம் 30 இலட்சம் லீசிங், 48 மாதம், மாதம் 86,500 ரூபா. வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஏ9 வழியாகத் திருகோணமலைப் பக்கமும், இங்கே மணற்காடு, நாகர்கோவில், கட்டைக்காடு கடற்கரைப் பக்கமும் போகிறேன். எதுவானாலும் மூன்று நாள் பயணம், நாளுக்கு 28,000 ரூபா. மச்சானின் ஆட்களுக்கு மட்டும் 18,000. ஒக்டோபர் முதல் மே வரை பெருந்தெருவில் 14 பயணம், கடற்கரையில் 9 பயணம் போனேன். அந்த 9 இல் 6 மச்சானின் ஆட்கள். வீட்டுச் செலவு மனைவியின் ஆசிரியர் சம்பளத்தில் ஓடுகிறது. ஆனாலும் லீசிங் கட்டக் காசு காணாமல் மனைவியின் நகையை 3 இலட்சத்துக்கு அடைவு வைத்திருக்கிறேன், ஆண்டுக்கு 16 வீதம் வட்டி. கரவன் அடிக்கடி பழுதாவதால், அவுஸ்திரேலியாவிலிருந்து தனித்தனிச் சில்லு சஸ்பென்சன், லிதியம் பற்றரி எல்லாம் எடுத்துப் பூட்டச் சொல்கிறார் மச்சான். அதற்கு 12 இலட்சம் மேலதிகக் கடன் தர லீசிங் நிறுவனம் தயார். எடுக்கலாமா? ஜூலையில் மச்சானின் ஆட்கள் இன்னும் நான்கு குடும்பம் வருகிறார்கள்.

பதில்: தம்பி, கடன் எடுக்க வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. நீங்கள் இணைத்து அனுப்பிய கராஜ் பில்களைக் கூட்டிப் பார்க்கத்தான் நேரம் எடுத்தது. 3,85,000 ரூபா வருகிறது. அதை நீங்கள் எந்தப் பயணத்தின் கணக்கிலும் எழுதவில்லை. பில் வந்ததும் கையிலிருக்கிற காசைக் கொடுக்கிறீர்கள், மாத முடிவில் லீசிங்குக்குக் காணாது, நகை அடைவுக்குப் போகிறது. பழுதை "எதிர்பாராத செலவு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பயணத்தில் ஒன்பது முறையும் ஏதோ ஒன்று உடைந்திருந்தால் அதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது?

மட்டுமட்டாகக் கணக்குப் போடுவோம். டீசல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலைக்குப் போக, வர, அங்கே சுற்ற என்று 500 கிலோமீற்றர். கரவனை இழுக்கும்போது உங்கள் கப் லீற்றருக்கு ஆறரைதான் ஓடுகிறது என்கிறீர்கள். சரி, 77 லீற்றர், 23,000 ரூபா. உதவியாளுக்கு 12,000, காஸ், துப்புரவு அது இது என்று 6,000. ரயரும் பெயரிங்கும் தேய்வதற்குக் கிலோமீற்றருக்கு 15 ரூபா ஒதுக்கினால் 7,500. வரவு 84,000. கையில் நிற்பது 35,500.

கடற்கரைப் பயணம் மொத்தம் 120 கிலோமீற்றர்தான். அதில் 40 கிலோமீற்றர் மணலும் பள்ளமும், லோ கியரில் லீற்றருக்கு மூன்று. எல்லாம் சேர்த்து 25 லீற்றர் சொச்சம், 7,500 ரூபா. உதவியாளையும் துப்புரவையும் கழித்தால் 58,500 நிற்கிறது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் "கடற்கரையில்தான் நல்ல இலாபம்" என்று எழுதிவிட்டீர்கள். பில்களில் இருப்பது முழுக்கக் கடற்கரைப் பழுது: உடைந்த ஸ்பிரிங் தகடு, இரண்டு தரம் பெயரிங், சொக் அப்சோபர், குளிர்சாதனப் பெட்டியின் தாங்கிக்கு வெல்டிங், கூரை மூட்டில் ஒழுக்கு, இரண்டு ரயர். ஒன்பதால் பிரித்தால் பயணத்துக்கு 43,000. ஆக முழு விலை கொடுத்தவர்களிடம் உங்களுக்கு மிஞ்சியது 15,500. மச்சானின் ஆட்களிடம் 54,000 தான் வாங்குகிறீர்கள், அதில் ஒவ்வொரு பயணத்துக்கும் 14,500 நட்டம். ஆறு குடும்பத்தையும் உங்கள் கைக்காசைப் போட்டுத்தான் கடல் காட்டியிருக்கிறீர்கள்.

எட்டு மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். பெருந்தெரு 4,97,000 கொண்டுவந்தது. கடற்கரை அதிலிருந்து 40,500 ஐத் தின்றது. மிச்சத்தை எட்டால் பிரித்தால் மாதம் 57,000. லீசிங் 86,500. மாதம் ஏறக்குறைய 30,000 துண்டு விழுகிறது, எட்டு மாதத்துக்கு 2,40,000. அதற்கு மேல் வட்டியும் சில்லறைச் செலவும் சேர, அடைவு 3 இலட்சத்தில் வந்து நிற்கிறது.

இனி அந்த வட்டியில்லாக் காசு. ஒரு நாளுக்கு 10,000 குறைத்தீர்கள், மூன்று நாள், ஆறு குடும்பம்: 1,80,000 ரூபா. எட்டு மாதத்துக்கு இது என்றால் வருடத்துக்கு 2,70,000. பதினைந்து இலட்சத்துக்கு அது 18 வீதம். உங்கள் லீசிங் தவணையை நான் திருப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 17 வீதம் அளவில் வருகிறது. மச்சானின் அன்பளிப்பு லீசிங் நிறுவனத்தை விட விலை கூடியதாக இருக்கிறது, அதுவும் உடைந்த ஸ்பிரிங்கைச் சேர்க்காமலே. மச்சானைக் குறை சொல்லவில்லை. தான் வாங்குகிற சலுகையின் கணக்கு அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் சொல்லவில்லை. அவர் காசு தந்ததால் உங்களுக்கு வாய் திறக்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஈடாக அடைவுக்குப் போனது அவருடைய சொந்தத் தங்கையின் நகை. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதன நகை மனைவியின் தனிச் சொத்து என்பது யாழ்ப்பாணத்தானுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மனைவியிடம் கேட்டுத்தான் வைத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை, நானும் கேட்கவில்லை.

பவுண் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் கூடுதலாகத் தரலாம் என்று அடைவு பிடிக்கிற இடத்தில் சொல்வார்கள். தங்கம் விலை ஏறினால் உங்கள் கரவனுக்கு வருமானம் ஏறாது. அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

அடுத்தது மச்சானின் சாமான்கள். அவருடைய நாட்டில் அவை வீண் இல்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லியில் கிப் ரிவர் வீதி என்று ஒன்று, ஏறக்குறைய 660 கிலோமீற்றர், பெரும்பகுதி மண்ணும் சரளையும். நாள் முழுக்க வாகனம் உதறிக்கொண்டே இருக்கும், ஆணி எல்லாம் கழன்றுவிடும். அங்கே தனித்தனிச் சில்லு சஸ்பென்சனுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்திலேயே மிச்சல் அருவி பார்க்கப் போகிறவர்களில் பலர் கரவனை வழியில் ஒரு தங்குமிடத்தில் விட்டுவிட்டு, வாகனத்தை மட்டும் கொண்டு போகிறார்கள். அத்தனை இலட்சம் செலவழித்து வாங்கியவர்களுக்கே அதுதான் புத்தி. உங்களுக்கோ மூன்று நாளுக்கு 40 கிலோமீற்றர். அதற்கு 12 இலட்சம் எடுத்தால் 48 மாதத்துக்கு மாதம் 34,500 மேலதிகமாக வரும். ஏற்கெனவே 30,000 துண்டு விழுகிறவருக்கு இன்னொரு 34,500! லிதியம் பற்றரி பாரம் குறைவு, நல்ல சாமான், இல்லை என்று சொல்லவில்லை. அது உப்புக் காற்றையும் தடுக்காது, உடைந்த தகட்டையும் பொருத்தாது.

உங்கள் பழுதுகளில் பாதிக்குக் காரணம் சஸ்பென்சனே இல்லை. அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உவர் என்று 200 லீற்றர் தாங்கியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகிறீர்கள். அது 200 கிலோ. வெறும் கரவனே 1,800 கிலோ. ஏ9 இல் போகும் இடமெல்லாம் தண்ணீர் கிடைப்பதால் இலேசாகப் போகிறீர்கள், மிக மோசமான பாதையில் மிக அதிக பாரத்தோடு போகிறீர்கள். மணலுக்காக ரயர் காற்றை இருபது பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது சரி. திரும்பும்போது அதே காற்றோடு தார் வீதியில் நெல்லியடி வரைக்கும் வந்தால் ரயர் சூடேறிப் பக்கவாட்டில் வெடிக்காமல் என்ன செய்யும்? பெயரிங்கும் அப்படித்தான். ஓடிச் சூடான சில்லை நேரே உப்புத் தண்ணீருக்குள் விட்டால், குளிரும்போது அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கப் பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பி ஒன்று வாங்குங்கள். இந்தக் கடிதத்தில் நான் வாங்கச் சொல்கிற ஒரே சாமான் அதுதான்.

பெருந்தெரு சும்மா இருக்கிற இடம் என்றும் நினைக்க வேண்டாம். இப்போது சோளகம், அதாவது தென்மேல் பருவக் காற்று, வீசுகிற காலம். பளையில் காற்றாலைகளை எதற்காக நட்டார்கள் என்பதை யோசித்தால், ஆனையிறவு தாண்டும் வரைக்கும் கரவனின் பக்கத்துச் சுவரில் என்ன அடிக்கும் என்று விளங்கும். டீசலும் கூடும், பின்பக்கம் ஆடவும் தொடங்கும். கொழுக்கியில் விழும் பாரம் கரவனின் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். பெட்டிகளையெல்லாம் பின்னுக்கு அடுக்கினால் அது குறைந்து ஆட்டம் கூடும். வேகத்தை 70 க்குள் வையுங்கள். கரவனுக்குத் தனி பிரேக் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அவுஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் இழுவைக்குப் பிரேக் கட்டாயம். உங்களுடையது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முதல் அதைச் செய்யுங்கள்.

சரி, ஜூலைக்கு என்ன செய்வது? கரவனை மணலில் இறக்காதீர்கள். மருதங்கேணிப் பக்கம் வீதியோடு சேர்ந்த, தரை இறுகிய தென்னை வளவு ஒன்றை வாடகைக்குப் பேசுங்கள், பயணத்துக்கு 6,000 கொடுத்தாலும் பரவாயில்லை. கரவன் அங்கே நிற்கட்டும். விருந்தினரைக் கப்பில் மட்டும் மணற்காட்டு மணற்குன்றுப் பக்கம், கட்டைக்காட்டுக் கரை என்று கூட்டிப் போங்கள். சுண்டிக்குளம் 2015 இலிருந்து தேசிய பூங்கா, அங்கே வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்காமல் கூடாரமும் வேண்டாம், கரவனும் வேண்டாம். இப்படிப் போனால் டீசல் 6,000, வளவு 6,000, உதவியாளும் துப்புரவும் 18,000, தேய்மானத்துக்கு 8,000. நாளுக்கு 28,000 வாங்கினால் 46,000 நிற்கும். விலையைக் கேட்டு மச்சானின் ஆறு குடும்பத்தில் மூன்று வராமல் விட்டாலும், அதே எட்டு மாதத்துக்கு மாதம் 96,000 வந்திருக்கும். லீசிங் கட்டி 10,000 மிஞ்சும். எல்லோரும் வந்திருந்தால் 27,000. அடைவு வட்டியே மாதம் 4,000 போகிறது, ஆகவே மிஞ்சுவது முழுக்க நகைக்கு. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களால் வரும் காசில் கொஞ்சத்தை மாரி மாதங்களின் தவணைக்கு இப்போதே பிரித்து வையுங்கள். அந்தத் தேய்மானக் காசுக்கும் வேறு ஒரு சேமிப்புக் கணக்குத் திறவுங்கள், பயணம் முடிந்த அன்றே போட வேண்டும்.

மச்சானுக்கு நீளமாக எதுவும் எழுத வேண்டாம். "மச்சான், உங்கட ஆக்கள் வரட்டும். நாளுக்கு 28,000. கரவன் வளவில நிக்கும், கடலுக்குக் கப்பில கூட்டிக்கொண்டு போறன்" என்று அனுப்புங்கள், கூடவே மேலே உள்ள கணக்கையும். அந்த 15 இலட்சம் கடனா, பங்கா என்றும் கேளுங்கள். பங்கு என்றால் கரவனில் மூன்றில் ஒன்று அவருடையது, கராஜ் பில்லில் 1,28,000 உம் அவருடையது. கடன் என்றால் லீசிங் முடிந்த பிறகு மாதாமாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். எனக்குக் கேட்டால் கடனாக வைப்பதே நல்லது, பங்காளி என்று வந்தால் அவருடைய ஆட்களிடம் விலை பேசுவது இன்னும் கஷ்டமாகிவிடும். நகை அடைவில் இருப்பதைச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் மனைவி தீர்மானிக்கட்டும்.

இன்னொன்று. காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், கப்புக்கும் கரவனுக்கும். சொந்தப் பாவனை என்று எழுதியிருந்தால், வாடகைக்கு ஆள் ஏற்றிய நாளில் ஏதும் நடந்தால் இழப்பீடு கிடைப்பது சந்தேகம். வாடகைப் பாவனைக்கு மாற்றினால் தவணைப் பணம் கூடும், அதையும் அந்த 28,000 க்குள் தாங்க முடியாவிட்டால் 30,000 கேளுங்கள். முதல் குடும்பம் வந்து இறங்குவதற்கு முன் இது முடிய வேண்டும்.