கேளுங்க மாஸ்டர்! காலேஜ் கிரவுண்டிலிருந்து மேஜர் லீக் வரை

(காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை பேஸ்பால் மட்டும். மேஜர் லீக் என்பது அங்கே பேஸ்பாலின் உச்ச மேடை.)

மாஸ்டர், என் மகன் வேலூரில் பி.காம். படிக்கிறான். திடீரென்று காலேஜ் பேஸ்பால் டீமில் சேர்ந்திருக்கிறான். கேட்டால், "அமெரிக்காவில் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாருமே காலேஜில் ஆடித்தான் மேஜர் லீக் போனார்கள்" என்கிறான். நிஜமா, கதை விடுகிறானா?
– ஒரு தகப்பன், குடியாத்தம்

கதை விடவில்லை, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறான். டொமினிகன் குடியரசு, வெனிசுலா பையன்கள் 16 வயதிலேயே ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவிலேயே கென் கிரிஃபி ஜூனியர் மாதிரி ஸ்கூல் முடித்த கையோடு போனவர்களும் நிறைய பேர். ஆனால் காலேஜ்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2,130 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடிய லூ கெரிக், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். பந்து வீச்சில் பேர் வாங்கிய ரோஜர் கிளெமன்ஸ் டெக்சாஸ் பல்கலைக்கழகம், ராண்டி ஜான்சன் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்.

அங்கே 1965 முதல் டிராஃப்ட் என்று ஒரு முறை இருக்கிறது. அணிகள் வரிசைப்படி ஆள் எடுக்கும். அந்த முதல் வருஷத்தில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ரிக் மண்டேயே அரிசோனா ஸ்டேட் மாணவர்தான். ஸ்கூல் முடித்த பையனையும் எடுக்கலாம். அவன் வேண்டாம் என்று நாலு வருஷ காலேஜில் சேர்ந்துவிட்டால், மூன்று வருஷம் முடியும் வரை, இல்லையென்றால் 21 வயது ஆகும் வரை, எந்த அணியும் அவனைத் தொட முடியாது. அதனால் 18 வயதுப் பையன் வீட்டில், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று நம் வீடுகளில் நடக்கிற பஞ்சாயத்து மாதிரி ஒன்று நடக்கும். கையில் வருகிற பணமா, காலேஜா?

ஆரன் ஜட்ஜைப் பாருங்கள். அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். 2010-ல் ஓக்லாந்து அணி அவரை 31-வது சுற்றில் எடுத்தது. அந்தச் சுற்றில் எடுப்பது, வந்தால் வா, வராவிட்டால் போ என்கிற மாதிரிதான். அவர் போகவில்லை, ஃபிரெஸ்னோ ஸ்டேட்டில் சேர்ந்தார். மூன்று வருஷம் கழித்து நியூயார்க் யாங்கீஸ் அதே ஆளை முதல் சுற்றிலேயே, 32-வது ஆளாக எடுத்தது. 2022-ல் 62 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து, மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கின் சாதனையை உடைத்தார். பாரி பாண்ட்ஸும் 1982-ல் பணம் படியாமல் சான் பிரான்சிஸ்கோ அணியை விட்டுவிட்டு அரிசோனா ஸ்டேட் போனவர். 1985-ல் பிட்ஸ்பர்க் அவரை ஆறாவது ஆளாக எடுத்தது. (ஊக்கமருந்து விவகாரம் தனிக் கதை, இன்னொரு வாரம் பார்ப்போம்.)

அந்த வயதில் மூன்று வருஷம் ஒரு உடம்புக்கு என்ன செய்யும் என்று மைதானத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் நோஞ்சானாக இருந்தவன் காலேஜ் முடித்து வந்து நிற்கும்போது எனக்கே அடையாளம் தெரிந்ததில்லை. பிளஸ் டூவோடு பையனை கிரவுண்டிலிருந்து இழுத்துக்கொண்டு போகிற பெற்றோர்கள்மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான்.

உங்கள் மகனை எடுக்க இங்கே எந்த அணியும் வரிசையில் நிற்கவில்லை. பல்கலைக்கழக அணிக்கு ஆடினால் ஒரு சர்டிபிகேட் கிடைக்கும், நாலு ஊர் பார்ப்பான். ஆடட்டும். அரியர் மட்டும் வைக்க வேண்டாம்.

காலேஜிலிருந்து மேஜர் லீக் போனவர்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவர் யார், சார்?
– கல்லூரி மாணவி, ஆற்காடு

ஜிம் ஆபட். யோசிக்கவே வேண்டியதில்லை அம்மா.

மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் ஊர்க்காரர். பிறவியிலேயே வலது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது, விரல்கள் கிடையாது. இடது கையால்தான் பந்து வீசுவார். வீசும்போது கிளவுஸை வலது கை முனையில் கவிழ்த்து வைத்திருப்பார். பந்து கையை விட்டதும், பேட்டர் அடிப்பதற்குள், இடது கை அந்தக் கிளவுஸுக்குள் நுழைந்திருக்கும். பந்து திரும்பி வந்தால் பிடித்து, கிளவுஸை வலது கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கி, பந்தோடு கையை உருவி எறிவார். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில். வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் எனக்கு அது பிடிபட்டது.

இவரையும் ஸ்கூல் முடித்ததும் 1985-ல் டொராண்டோ 36-வது சுற்றில் எடுத்தது. போகாமல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1988-ல் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் முதல் சுற்றில் எடுத்தது. அதே வருஷம் சியோல் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தை முழுக்க வீசி ஜெயித்தார். மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் ஒரு நாள்கூட ஆடாமல் 1989-ல் நேராக மேஜர் லீக். 1993 செப்டம்பர் 4, யாங்கீஸ் சட்டையில், கிளீவ்லாந்து அணியை ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்கு ஓடிச் சேர்வது) அடிக்க விடவில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் அதே கிளீவ்லாந்து இவரை நாலு இன்னிங்ஸ்கூட நிற்க விடாமல் விரட்டியிருந்தது!

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இடக்கைப் பெண் ஒருத்தி சாஃப்ட்பால் ஆட வந்தாள். வந்திருந்த கிளவுஸ் அத்தனையும் வலக்கைக்காரர்களுக்கானது. கட்டைவிரலுக்கான பையில் சுண்டுவிரலை விட்டு, வலது கையில் தலைகீழாக மாட்டிக்கொண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்த அவள் மாமா, ஒரு பழைய கிளவுஸைப் பிரித்து அளவெடுத்து, எதிர்க் கைக்கு ஒன்று தைத்துக் கொண்டுவந்தார். தோல் முரட்டுத் தோல். மடங்கவே மாட்டேன் என்றது. தேங்காய் எண்ணெய் தடவித் தடவி வழிக்குக் கொண்டுவந்தோம். ஆபட் கதையை நான் முதலில் சொன்னது அவளிடம்தான். "அவருக்கு யாரு சார் கிளவுஸ் தெச்சுக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

ஒரே ஆள் பல விளையாட்டில் கெட்டிக்காரராக இருந்து, கடைசியில் பேஸ்பாலுக்கு வந்ததுண்டா?
– வாலாஜாபேட்டை வாசகர்

டேவ் வின்ஃபீல்ட். மினசோட்டா பல்கலைக்கழகம். 1973-ல் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து என மூன்று விளையாட்டில் நாலு அணிகள் அவரை எடுத்தன. கூத்து என்னவென்றால், காலேஜில் கால்பந்து அவர் ஆடியதே இல்லை! அந்த வருஷம் ஒமாஹாவில் நடந்த காலேஜ் உலகத் தொடரில் (கல்லூரி அணிகளின் சாம்பியன் போட்டி) அவர் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். தெற்கு கலிபோர்னியாவுக்கு எதிராக 7-0 என்று முன்னால் இருந்து, கடைசி இன்னிங்ஸில் அணி 8-7 என்று தோற்றது. ஆனாலும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். சான் டியேகோ அவரைப் பந்து வீச விடாமல் மட்டையைக் கொடுத்தது. மொத்தம் 3,110 ஹிட் அடித்தார்.

ஜாக்கி ராபின்சன் கதை இன்னும் விசேஷம். கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் நாலு விளையாட்டில் கல்லூரி அணிக்கு ஆடியவர். அதில் அவர் சுமாராக ஆடியது பேஸ்பால்தான். 1940-ல் அவர் பேட்டிங் சராசரி .097. அதாவது பத்து முறை மட்டை பிடித்தால் ஒரு ஹிட்கூடத் தேறவில்லை. அதே ஆள் 1947 ஏப்ரல் 15-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடி, கறுப்பின ஆட்டக்காரர்களை ஒதுக்கி வைத்திருந்த மேஜர் லீக்கின் நிறத் தடையை உடைத்தார். 1949-ல் .342.

காலேஜ் ஆட்டத்துக்கும் மேஜர் லீக்குக்கும் என்ன வித்தியாசம்?
– ஆம்பூர் வாசகர்

மட்டை. காலேஜில் 1974 முதல் அலுமினிய மட்டைக்கு அனுமதி உண்டு, மேஜர் லீக்கில் மரம் மட்டும்தான். உலோகத்தில் விளிம்பில் பட்டாலும் பந்து ஓடும். மரத்தில் பட்டால் கை விண்ணென்று தெறிக்கும், மட்டையே உடைந்தாலும் உடையும். நடுவில் மைனர் லீக் என்று ஒரு நீண்ட படிக்கட்டும் இருக்கிறது. பால் ஸ்கீன்ஸ் மாதிரி ஓடிக் கடப்பவர்கள் அபூர்வம். 2023 ஜூனில் எல்.எஸ்.யூ.வுக்காக (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ஒமாஹாவில் காலேஜ் உலகத் தொடரை வென்றார், அடுத்த மே மாதம் பிட்ஸ்பர்க் அணியில் வீசிக்கொண்டிருந்தார்.

இந்தியர் யாராவது?
– சோளிங்கர் வாசகர்

ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள். 2008-ல் ஒரு போட்டியில் தேர்வாகி, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக மைதானத்தில் பயிற்சி எடுத்து, பிட்ஸ்பர்க்கோடு ஒப்பந்தம் போட்டார்கள். மேஜர் லீக் வரை போகவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

மாஸ்டர், பிட்சர் எவ்வளவு தூரத்திலிருந்து வீசணும்? எங்க தெருவிலே விளையாடப் போறோம்.
– ஏழாம் வகுப்பு மாணவன், ராணிப்பேட்டை

60 அடி 6 அங்குலம். கிரிக்கெட்டைவிட ஐந்தரை அடி கம்மி. உன் வயசுக்கு 45 அடி போதும் தம்பி. டென்னிஸ் பந்து வைத்துக்கொள், எதிர் வீட்டு பைக் வெளியே போன நேரமாகப் பார்த்து ஆரம்பி.