கோலாலம்பூரில் கையைக் கடிக்காமல் மூன்று நாள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரட்டைக் கோபுரத்துக்கு அருகில் அறை வாடகை கட்டுப்படியாகவில்லை. எங்கே தங்கலாம்? சைவச் சாப்பாடும் கிடைக்க வேண்டும். (திருச்சி வாசகி)

நகரின் ‘லிட்டில் இந்தியா’ பகுதியான பிரிக்பீல்ட்ஸில் தங்குங்கள். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் நடை தூரத்தில் இருக்கிறது. அங்கே எல்ஆர்டி என்ற நகர ரயிலில் ஏறினால் முதல் நிறுத்தம் பசார் செனி. 1873இல் தொடங்கப்பட்ட மகா மாரியம்மன் கோயிலுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி. இறங்கி மேலே வந்தால் கோபுரத்தின் காலடி. வாழையிலைச் சாப்பாட்டுக்கு அலையவே வேண்டாம். இந்த ஊரில் செலவை ஏற்றுவது தூரமல்ல, ரயிலை விட்டு விலகித் தங்குவதுதான்.

அறை எடுக்கும்போது சுற்றுலா வரியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் கட்ட வேண்டும். இணையத்தில் காட்டும் வாடகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து நகருக்கு எப்படி வருவது?

விமான நிலையம் நகருக்கு வெளியே 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல் வந்துவிடும், ஆனால் ஆளுக்கு 55 ரிங்கிட். தனியாக, அவசரமாக வருபவருக்கு அது சரி. இருவர் என்றால் பஸ் போதும். சுமார் ஒரு மணி நேரம், கட்டணம் ரயிலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான்கு பேர் பெட்டிகளோடு வந்தால் செயலியில் கிராப் கார் அழையுங்கள். வெளியே வரும்போதே "டாக்சி வேண்டுமா?" என்று பின்னாலேயே வருபவர்களோடு மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: பத்துமலைக்கு அம்மாவை அழைத்து வருகிறோம். வயது 70, முழங்கால் வலி. 272 படி ஏற முடியுமா? (மதுரை வாசகர்)

ஏற்ற வேண்டாம். படிகள் செங்குத்தானவை, ஏறும்போது பக்தியில் தெரியாத வலி இறங்கும்போது தெரியும். அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகன் நிற்கிறார், சுற்றிலும் சன்னதிகள் இருக்கின்றன. அம்மா அங்கேயே மனம் நிறையக் கும்பிடலாம். குடும்பத்தில் ஒருவர் துணைக்கு இருக்கட்டும்.

மற்றவர்கள் வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் ஏறினால் மாற வேண்டியதில்லை, மலை வாசலிலேயே இறக்கிவிடும். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும், அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள். குரங்குகளுக்குக் கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை மேல்தான் கண். உள்ளே இருப்பது தேங்காயா, மருந்தா என்று அவை பார்க்காது. எல்லாவற்றையும் தோள்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். குழந்தைகளைப் பழம் நீட்ட விடாதீர்கள். முழங்கால் மறையும் உடை அவசியம்.

272 படி ஏறியதும் வரும் பெரிய குகையோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து பின்னால் இருக்கும் படிகளையும் ஏறுங்கள். அங்கே மேற்கூரை இல்லை. சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே வானம் தெரியும், அதன் கீழே வள்ளி தெய்வானை சன்னதி.

தைப்பூசத்தன்று வேடிக்கை பார்ப்பதற்காக வராதீர்கள். 1892 முதல் இங்கே அந்த நாள் காவடியும் பால்குடமும் எடுப்பவர்களுடையது. வழிபட வருகிறீர்கள் என்றால் தாராளமாக வாருங்கள். இரண்டு நாள் முன்பு இரவில் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தோடு நடந்து வரலாம்.

கேள்வி: கோபுரத்தின் மேலே போகக் கட்டணம் கொடுப்பது தகுமா?

பிள்ளைகள் ஆசைப்பட்டால் கொடுங்கள். இரு கோபுரங்களை இணைக்கும் பாலம் 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பிறகு 86ஆவது மாடி. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். வெறும் படம் எடுக்க என்றால் கீழே உள்ள பூங்கா இலவசம், விளக்கு ஏற்றும் நேரத்தில் போனால் போதும்.

கேள்வி: ஈப்போவிலிருந்து காரில் வரலாமா?

நகரங்களுக்கு இடையே ஓடும் இடிஎஸ் மின்சார ரயிலில் வாருங்கள், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மாலை மழையும் வேலை விடும் நேரமும் சேர்ந்துவிட்டால் நகருக்குள் கார் நகராது. பேரங்காடிகளில் நிறுத்துமிடக் கட்டணமும் மணிக்கு மணி ஏறும். நீண்ட வார விடுமுறைக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கேள்வி: மலேசிய வருகைப் படிவத்துக்கு ஓர் இணையதளம் பணம் கேட்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். குடிநுழைவுத் துறையின் மின்னிலக்க வருகை அட்டை முற்றிலும் இலவசம். துறையின் சொந்தத் தளத்தில், வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நீங்களே நிரப்பிவிடலாம்.