ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்ல 'அபவ் ஆல்' மாதிரி சொற்றொடர்களை எங்கே, எப்போது போடுவது?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளியூர் வியாபாரிகளுக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களை நான் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். அதை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு கடிதத்துக்கு ஒன்று போதும். போன அறுவடையில் எங்கள் ஆபீஸ் தம்பி எழுதிக்கொண்டு வந்த கடிதத்தில் மூட்டைக் கணக்குக்கு முன்னால் 'மோஸ்ட் இம்பார்ட்டன்ட்லி', லாரி வரும் நேரத்துக்கு முன்னால் 'இன் பர்டிகுலர்', ஈரப்பதத்துக்கு முன்னால் 'அபவ் ஆல்'. "எல்லாமே முக்கியம்தானே அண்ணா?" என்றான். சரி, ஆனால் வாங்குகிறவர் கண் முதலில் போவது ஈரப்பதத்துக்கு. காய்ந்த கொட்டையில் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் மூட்டைக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும். அதனால் 'அபவ் ஆல்' அங்கே மட்டும் இருக்கட்டும் என்று மற்ற இரண்டையும் அடித்துவிட்டேன்.

இவை ஒன்றுக்கொன்று மாற்றும் இல்லை. நாலைந்து விஷயம் சொல்லிவிட்டு, அவை எல்லாவற்றுக்கும் மேலானதைச் சொல்ல 'அபவ் ஆல்'. பொதுவாகச் சொன்னதிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்ட 'இன் பர்டிகுலர்'. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் பின்னால் ஒரு கமா.

நமக்கு உண்மையான சிக்கல் 'தான்' விஷயத்தில். 'திங்கட்கிழமைதான் லாரி கிளம்பியது' என்பதை சேலம் பக்கம் பலரும் 'த லாரி லெஃப்ட் ஆன் மன்டே ஒன்லி' என்று எழுதுகிறோம். நமக்குள் புரியும். வெளிநாட்டுக்காரருக்கு அந்த 'ஒன்லி' எதற்கு என்றே தெரியாது. அதோடு நம் 'தான்' இரண்டு வேலை செய்கிறது. கிளம்பிய நாள் ஞாயிறு அல்ல, திங்கள் என்று சொல்ல வேண்டுமா? 'இட் வாஸ் ஆன் மன்டே தட் த லாரி லெஃப்ட்' என்று எழுதுங்கள். திங்கள்வரை கிளம்பவே இல்லை என்று குறைப்பட வேண்டுமா? 'ஒன்லி ஆன் மன்டே டிட் த லாரி லீவ்.' தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் எதை எழுதுகிறோம் என்று பார்த்து எழுத வேண்டும்.

அந்த இரண்டாவது வாக்கியத்தில் 'டிட்' லாரிக்கு முன்னால் வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? 'நெவர்', 'நாட் ஒன்லி', 'அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ்' போன்றவை தொடக்கத்துக்கு வந்தாலும் இப்படித்தான் துணைவினை முந்திக்கொள்ளும்: 'அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ் ஷுட் த பேக்ஸ் பீ கெப்ட் ஆன் அ வெட் ஃப்ளோர்.' 'அபவ் ஆல்' வந்தால் இந்த மாற்றம் கிடையாது. குடோன் சுவரில் ஒட்டும் அறிவிப்புக்கு இந்த மிரட்டல் தொனி பொருந்தும். வாடிக்கையாளருக்கு எழுதினால் கோபத்தில் எழுதியது போலிருக்கும்.

'ஆக்சுவலி', 'பேசிக்கலி' இரண்டையும் எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறையாது.

'மோர் இம்பார்ட்டன்ட்லி' தப்பு, 'மோர் இம்பார்ட்டன்ட்' என்பதே சரி என்று சில பழைய வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டுமே நல்ல ஆங்கிலத்தில் புழங்குகின்றன. கை போனபடி எழுதுங்கள்.