செயின் கழன்றால் காத்திருக்கணுமா? சாலை சைக்கிள் பந்தயம்: கேள்வி பதில்

டூர் டி பிரான்ஸ் பார்க்க ஆரம்பித்த நண்பர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: விழுந்த எதிராளிக்காக ஏன் காத்திருக்கிறார்கள், அப்புறம் ஏன் சில நாள் காத்திருப்பதில்லை? அதையொட்டி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பந்தயம் ஓட்டியவன் இல்லை. பல வருடமாக விடாமல் பார்ப்பவன், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, 2022 டூரில் போகச்சர் விழுந்ததும் விங்கேகார்டு நின்று கைகொடுத்ததைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. இந்த விளையாட்டில் எல்லாரும் இவ்வளவு நல்லவர்களா?

நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காட்சியை முழுசாகப் பாருங்கள். ஜூலை 21, ஸ்பான்டெல் மலையின் இறக்கம். பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரில் போகச்சர் உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறார், விங்கேகார்டை உதறிவிடுவதுதான் நோக்கம். ஒரு வளைவில் விங்கேகார்டின் சைக்கிள் நடுங்கி, விழாமல் தப்பிக்கிறார். கொஞ்ச தூரத்தில் போகச்சர் ஓரத்து ஜல்லியில் சறுக்கி விழுகிறார், இடது தொடை முழுக்கச் சிராய்ப்பு. மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சி போட்டிருந்த விங்கேகார்டு வேகத்தைக் குறைத்து, அவர் வந்து சேரும்வரை காத்திருக்கிறார். போகச்சர் பக்கத்தில் வந்து கையை நீட்டுகிறார். அப்புறம் என்ன? அடுத்த மலையான ஓட்டகாமில் விங்கேகார்டு அவரை 1 நிமிடம் 4 விநாடி பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார்!

காத்திருந்ததும் அவர்தான், அடித்து நொறுக்கியதும் அவர்தான். விபத்தால் கிடைக்கிற விநாடி வேண்டாம், கால் பலத்தால் கிடைக்கிற விநாடி ஒன்றுகூட விடமாட்டேன் என்பதுதான் அங்கே கணக்கு. மூன்று வாரம் தினமும் அதே ஆட்களோடு ஓட்ட வேண்டும். இன்று அவன் விழுந்தான், நாளை நான் விழலாம். மனசு பாதி, முறைவாசல் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முறைவாசல் என்கிறீர்கள். எதிராளி எதிராளிதானே, எதற்கு அவன் தயவு?

காற்றுதான் காரணம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். கூட்டத்தை விட்டுத் தப்பி ஓடுகிற நாலைந்து பேர் வெவ்வேறு அணியாக இருந்தாலும், ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வந்து எதிர்காற்றை வாங்கிக்கொண்டால்தான் எல்லாருக்கும் வாழ்வு. ஒருத்தர் மட்டும் முன்னாலேயே வராமல் ஒட்டிக்கொண்டு வந்து, கடைசியில் தாவி ஜெயித்தால் விதிப்படி தப்பே இல்லை. ஆனால் அடுத்த முறை அவர் தப்பி ஓடும்போது கூட வர ஆள் இருக்காது, துரத்திப் பிடிக்கத்தான் ஆள் இருக்கும்.

கேள்வி: 2010ல் ஆன்டி ஷ்லெக்கின் செயின் கழன்றபோது கான்டடோர் தாக்கினாரே. அது துரோகமா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது, மன்னியுங்கள்.

15ஆவது கட்டம் (கட்டம் என்றால் ஒரு நாள் ஓட்டம்), போர்ட் தெ பலேஸ் மலை. மஞ்சள் ஜெர்சியில் ஷ்லெக், 31 விநாடி பின்னால் கான்டடோர். உச்சி நெருங்கும்போது முதலில் தாக்கியது, அதாவது திடீரென வேகமெடுத்து மற்றவர்களை உதறப் பார்த்தது, ஷ்லெக்தான். எழுந்து நின்று மிதிக்கிறார், கியர் மாற்றும்போது செயின் கழன்றுவிடுகிறது. கான்டடோர் அவரைக் கடந்து பாய்கிறார், பட்டப் போட்டியில் இருந்த சாஞ்செஸும் மென்சோவும் கூடவே. ஷ்லெக் இறங்கி, கையால் செயினை மாட்டி, கிரீஸ் விரலோடு துரத்துகிறார். அன்று போனது 39 விநாடி. மஞ்சள் ஜெர்சி 8 விநாடி வித்தியாசத்தில் கைமாறியது. மேடையில் கான்டடோருக்குக் கூச்சல், அன்று இரவே வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். மூன்று நாள் கழித்து டூர்மலேயின் உச்சிக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கான்டடோர் கடைசி மீட்டர்களில் போட்டியிடாமல் ஷ்லெக்குக்கு விட்டுக்கொடுத்தார்.

டூரின் முடிவில் இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் அதே 39 விநாடி! இதனால்தான் இந்த வழக்கு இன்னும் ஓய்வதில்லை. (ஊக்கமருந்து வழக்கில் 2012ல் கான்டடோரின் பட்டம் பறிபோய் ஷ்லெக்குக்கு வந்தது தனிக் கதை.)

என் கருத்து: தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் யாரும் பிரேக் பிடிக்க முடியாது. கியரைச் சரியாக மாற்றுவதும் ஓட்டுகிறவரின் வேலைதானே. எனக்குக் கான்டடோர் மேல் கோபமில்லை. என் வீட்டிலேயே இதற்கு எதிர்க்கட்சி உண்டு.

கேள்வி: அப்படியானால் எப்போது காத்திருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? நடுவரா?

நடுவர் இல்லை. கூட்டத்தின் மூத்தவர்கள், பெரும்பாலும் தலைவர் ஜெர்சி போட்டவர். 2012ல் பெகேர் மலையில் யாரோ சாலையில் ஆணிகளைக் கொட்டிவிட்டார்கள். கடேல் எவன்ஸ் உட்பட ஏகப்பட்ட பேருக்குப் பஞ்சர். மஞ்சள் ஜெர்சியில் இருந்த விக்கின்ஸ் கூட்டத்தின் வேகத்தைக் குறைக்க, எவன்ஸ் திரும்ப வந்து சேர்ந்தார்.

கேட்காமல் போனால்? 2020 டூரின் முதல் நாள், நீஸ் நகரம். மழையில் சாலை சோப்பு போட்ட மாதிரி. இறக்கத்தில் மெதுவாகப் போவோம் என்று டோனி மார்ட்டின் முன்னால் வந்து கையை விரித்துக் காட்டுகிறார். அஸ்தானா அணி மட்டும் கேட்காமல் வேகமெடுத்தது. கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய தலைவர் மிகேல் ஆங்கெல் லோபெஸே சறுக்கிப் போய்ச் சாலையோரப் பலகையில் மோதினார். அதற்குமேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆறு மணி நேரம் ஓட்டுகிறார்களே, ஒன்றுக்கு எப்படி?

இதற்கும் எழுதாத சட்டம் இருக்கிறது. வேகம் குறைந்த நேரத்தில் தலைவர் ஜெர்சிக்காரர் ஓரங்கட்டினால் பாதிக் கூட்டம் கூடவே ஓரங்கட்டும். அப்போது தாக்கக் கூடாது. மீறினால் வன்மம் நிற்கும். 1957 ஜிரோவில் (இத்தாலியின் டூர்) தலைவருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியோடு இருந்த ஷார்லி கோல் ஒதுங்கிய நேரம் பார்த்து பொபேவும் நென்சினியும் பாய்ந்தார்கள். கோலின் ஜிரோ போயிற்று, கேலிப்பெயர் ஒன்றும் ஒட்டிக்கொண்டது. அதற்கு மறுநாளே பொபே ஜெயிக்கக் கூடாது என்று நென்சினிக்கு உதவியவர் இந்தக் கோல்தான். நென்சினி 19 விநாடியில் பட்டம் வென்றார்.

2017ல் தலைவர் ஜெர்சியில் இருந்த டூமூலாவுக்கு வந்தது பெரிய அவசரம். ஜிரோவின் 16ஆவது கட்டம், கடைசி மலையின் அடிவாரம். நேரலை கேமரா முன்னாலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு, ஜெர்சியைக் கழற்றி எறிந்து புல்லில் உட்கார்ந்துவிட்டார். முன்னால் பந்தயம் சூடு பிடித்திருந்தது, கின்டானாவும் நிபாலியும் நிற்கவில்லை. 2 நிமிடம் 41 விநாடியாக இருந்த முன்னிலை அன்று மாலை 31 விநாடி ஆனது. ஆனாலும் அந்த ஜிரோவை அவரே ஜெயித்தார். எதிராளிகள் செய்தது சரிதான் என்பேன். வயிறு கெடுவது விபத்துக் கணக்கில் வராது. சிலருக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியலாம்.

கேள்வி: தண்ணீர் பாட்டில் வாங்கும் சாக்கில் காரைப் பிடித்துக்கொண்டு போகிறார்களே?

ஒரு விநாடி என்றால் கண்டுகொள்ள மாட்டார்கள், கொஞ்சம் நீண்டால் அபராதம். 2015 வுவெல்டாவில் (ஸ்பெயினின் டூர்) நிபாலி அணிக் காரைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாகப் போனதற்கு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: எல்லாம் இனிப்பாகவே சொல்கிறீர்கள். இந்த எழுதாத சட்டத்தால் கெடுதலே இல்லையா?

நிறைய. 2004 டூரின் 18ஆவது கட்டத்தைத் தேடிப் பாருங்கள். சிமியோனி என்ற இத்தாலியர், ஆம்ஸ்ட்ராங்கின் மருத்துவரான ஃபெராரிக்கு எதிராக ஊக்கமருந்து வழக்கில் சாட்சி சொன்னவர். பட்டத்துக்கு எந்த ஆபத்தும் இல்லாத அவர் முன்னணிக் குழுவோடு சேரப் போகிறார். மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆம்ஸ்ட்ராங்கே துரத்திப் போய் ஒட்டிக்கொண்டார். மஞ்சள் ஜெர்சிக்காரர் இருந்தால் பெருங்கூட்டம் துரத்தாமல் விடாது, முன்னணிக்கு வாய்ப்பே இல்லை. சிமியோனி வேறு வழியின்றிப் பின்வாங்கினார். கேமரா பார்க்க, ஆம்ஸ்ட்ராங் உதட்டில் ஜிப் இழுப்பது போலச் சைகை காட்டினார். அன்று கூட்டத்தில் பலர் சிமியோனியைத்தான் திட்டினார்கள். ஊர்க் கட்டுப்பாடு மாதிரிதான் இது: விழுந்தவனைத் தூக்கிவிடும், வாயைத் திறந்தவனை ஒதுக்கியும் வைக்கும். ஊக்கமருந்துக்காக ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டமும் பறிபோக 2012 வரை ஆனது.

கேள்வி: வேறு அணிக்காரருக்கு உதவி செய்யலாமா? சார், அதற்கு ஏதாவது உதாரணம்?

எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். 2023 ஜிரோ, கடைசிக்கு முந்தின நாள் மலையேற்ற டைம் ட்ரயல். ரோக்லிச்சை விட 26 விநாடி முன்னால் கெரன்ட் தாமஸ். ஏற்றத்தில் ரோக்லிச்சுக்கும் செயின் கழன்றது! ஒவ்வொருவராகத் தனியே ஓட்டும் போட்டி, காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. அப்படியும் ரோக்லிச் வேகமாக முடித்து, ஜிரோவை 14 விநாடியில் தட்டிக்கொண்டு போனார். தாமஸ் அப்போது 37 வயதுக்காரர்.

மறுநாள் ரோம். காவென்டிஷ் தாமஸின் பழைய நண்பர், ஆனால் அஸ்தானா அணிக்காரர். தாமஸோ இனியோஸ் ஜெர்சியில். கடைசிச் சுற்றில் தாமஸ் கூட்டத்தின் முன்னால் வந்து, தலையைக் குனிந்து, காவென்டிஷுக்காகக் காற்றை வாங்கிக்கொண்டு மிதிக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒதுங்கி வழிவிடுகிறார். காவென்டிஷ் ஜெயித்தார்.