பால்குடி மறந்த குட்டி முந்தானையைச் சப்புவது ஏன்?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஈன்ற பூனையின் குட்டிகளில் ஒன்றை மட்டும் நாங்கள் வைத்துக்கொண்டோம். அதற்கு நான்கு மாதமாகிறது. மீனும் சோறும் வயிறாரத் தின்கிறது. ஆனாலும் அப்பத்தா உட்கார்ந்தவுடன் மடியேறி, கண்டாங்கிச் சேலையின் முந்தானையைச் சப்பி நனைத்துவிடுகிறது. பால் பத்தாமல் வளர்ந்த குட்டி என்கிறார் அப்பத்தா. வேப்பெண்ணெய் தடவினால் மறந்துவிடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டு ஆச்சி. தடவலாமா?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

வேப்பெண்ணெய் வேண்டாம். மேலில் பட்டதையெல்லாம் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி அது; தடவிய எண்ணெய் அதன் வயிற்றுக்குள்தான் போகும். கசப்புக்குப் பயந்து இந்தச் சேலையை விட்டாலும், கொடியில் கிடக்கும் துண்டைத் தேடிப் போகுமே தவிர, சப்பும் ஆசையை விடாது.

அது பசியால் சப்பவில்லை. தாயிடம் குடிக்கும் குட்டி முன்னங்கால்களால் மடியை மாறி மாறி அழுத்துகிறது. அந்த அழுத்தமும் உறிஞ்சலும் சேர்ந்துதான் தாயின் உடலில் ஆக்ஸிடோசின் என்னும் இயக்குநீரைச் (ஹார்மோன்) சுரக்கச் செய்து பாலை இறக்குகின்றன. கண் திறக்கும் முன்பே பழகிய இந்தச் செயலோடு, தாயின் கதகதப்பும் அச்சமின்மையும் குட்டியின் மனத்தில் ஒன்றாகிவிடுகின்றன. நான்கு வாரம் ஆனதும் தாய் குப்புறப் படுத்துக் காம்புகளை மறைக்கத் தொடங்குகிறது. எட்டு வாரத்தையொட்டிப் பால்குடி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் பால் நின்ற அன்றே சப்பும் தூண்டுதலும் நின்றுவிடுவதில்லை. அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்: கண்கள் பாதி மூடியிருக்கும், கால்விரல்கள் விரிந்து சுருங்கும், தொண்டையில் குறுகுறுவென்ற ஓசை கேட்கும்.

அப்பத்தா சொல்வதிலும் உண்மை உண்டு. சீக்கிரம் தாயைப் பிரிந்த குட்டிகளிடமும், புட்டிப்பாலில் வளர்ந்தவற்றிடமும் இப்பழக்கம் மிகுதியாகக் காணப்படுகிறது. சயாமிய இனப் பூனைகள் துணியைச் சப்புவதற்குப் பரம்பரையும் காரணமாகக் கருதப்படுகிறது. மற்ற குட்டிகளை எந்த வயதில் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எட்டு வாரத்துக்கு முன்பே பிரிக்கப்பட்ட பூனைகளிடம் மூர்க்கம் கூடுதலாக இருப்பதாக பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆகவே இனி ஈனும் குட்டிகளைப் பன்னிரண்டு வாரமாவது தாயோடு விட்டுவையுங்கள்.

எனக்குக் கவலை தருவது முந்தானையின் ஓரத்தில் பிரிந்து தொங்கும் நூல்தான். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை என்பதால், வாயில் சிக்கிய நூலை எளிதில் துப்ப முடியாது. நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல் குடல் மடிந்து சுருங்கும். நூல் குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் ஒருபோதும் இழுக்காதீர்கள். தெரியாவிட்டாலும் குட்டி வாந்தியெடுத்து இரை எடுக்காமல் கிடந்தால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

வெறுமனே சப்பினால் அடிக்கவோ அதட்டவோ வேண்டாம். பயந்த குட்டி இன்னும் அதிகமாகத்தான் சப்பும். ஓரம் மடித்துத் தைத்த கெட்டித் துணியை அப்பத்தாவின் மடியில் விரித்துவிடுங்கள். துணியைக் கடித்து மெல்லத் தொடங்கினால் மட்டும் மெதுவாக இறக்கிவிட்டு, ஓடிப்பிடித்து விளையாட விட்டு, பிறகு இரை கொடுங்கள். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் குறைந்துவிடும். சில பூனைகள் வளர்ந்த பிறகும் சப்பும், நூலை விழுங்காதவரை அதில் கெடுதல் இல்லை. பால் பத்தவில்லை என்று பசும்பால் வைக்காதீர்கள். பல குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கைத் தரும்.