மூலையில் கிடக்கும் கணினியும் சில கேள்விகளும்

கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தையில் ஒன்பது பழைய கணினிகள் கிடக்கின்றன. வேலை முடிந்து வந்ததும் அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ், பி.எஸ்.டி. வகை இயங்குதளங்களை ஏற்றிப் பார்ப்பதுதான் என் பைத்தியம். கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அண்ணா, மாமா தந்த பென்ரியம் 4 கணினியில் 512 எம்.பி. நினைவகம்தான் இருக்கிறது. எதை ஏற்றலாம்? (மாணவி, ஒட்டுசுட்டான்)

தங்கச்சி, எல்லோரும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் புதிய பதிப்பைத்தான் தேடிப் போகிறார்கள். ஆனால் பென்ரியம் 4களில் பெரும்பாலானவை பழைய 32 பிட் வகை; 2025இல் வந்த டெபியன் 13இல் அவற்றுக்கான நிறுவி கிடையாது. பி.எஸ்.டி. வகைகளில் ஒன்றான ஓபன்பிஎஸ்டியைப் போட்டுப் பாருங்கள். எஃப்விடபிள்யூஎம் என்னும் மெலிந்த சாளர மேலாளர் அதனுடனேயே வருகிறது. ‘மேன்’ என்று தட்டிக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் கையேடு திறக்கும். இணையம் எட்டாத ஊரில் அதுதான் வாத்தியார். காணொளி பார்க்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் திகதி 2002க்குப் போய்விடுகிறது. இணையத்தளங்களும் ‘பாதுகாப்பற்றது’ என்கின்றன. (மாங்குளம்)

தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் மின்கலம் செத்துவிட்டது. சி.ஆர். 2032, 3 வோல்ட். கடிகாரம் பிழையென்றால் தளங்களின் சான்றிதழ்களும் செல்லாதவையாகத் தெரியும். அதை மாற்றித் திகதியைச் சரிசெய்துவிட்டால் இரண்டும் தீரும்.

பத்து நிமிடம் ஓடிவிட்டு உறைந்துவிடுகிறது. நினைவகத்தை மாற்றியும் பயனில்லை. (புதுக்குடியிருப்பு)

தம்பி, காசைச் செலவழிக்க முன்னர் மூடியைக் கழற்றுங்கள். செயலிக்குப் பக்கத்தில் சின்னத் தகர டப்பாக்கள்போல் கொள்ளளவிகள் (கெப்பாசிட்டர்கள்) வரிசையாக நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பொருக்குப்போல் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ நோய் அங்கேதான். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் செய்த பலகைகளில் இது பரவலான குறை. உள்ளிருந்த மின்பகுபொருள் என்னும் திரவம் தரமற்றது. மேலே எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபரட் (கொள்ளளவு) அளவும், அதே வோல்ட்டோ சற்றுக் கூடியதோ, 105 பாகை வெப்பம் தாங்குவதும் ஆனதாக வாங்கி ஈயத்தால் பற்றவையுங்கள். பக்கத்தில் கோடு போட்டிருக்கும் கால்தான் எதிர் (−) முனை. நான் முதன்முதலில் ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டேன். பட்டாசு வெடித்ததுபோல் சத்தம். மீன் அழுகியதுபோன்ற நாற்றம் இரண்டு நாளாக விறாந்தையை விட்டுப் போகவில்லை. அம்மா இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

எங்கள் பாடசாலையில் பென்ரியம் 4 ஒன்றை, மற்றக் கணினிகளுக்குக் கோப்பு வழங்கும் சேவையகமாக இரவு பகலாக ஓட்டலாமா? (ஆசிரியர், ஓமந்தை)

ஓட்டலாம் ஐயா, ஆனால் நான் ஓட்டமாட்டேன். பிந்திய பென்ரியம் 4 செயலிகளில் சில தனியாகவே 115 வாட் வரை வெப்பம் கக்குபவை. பழைய மடிக்கணினியில் உள்ள பென்ரியம் எம் செயலி 27 வாட்டுக்குள் அடங்கும். அதன் மின்கலத்தில் சற்று உயிர் இருந்தால் மின்தடையையும் தாங்கும். போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட். சுற்றிச் சுற்றித் தோள் வலித்தவனுக்கு வாட் கணக்கு ஏட்டுக் கணக்கல்ல.

கறுப்புத் திரையில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் கட்டங்கட்டமாக வருகிறது. கோப்புக் கெட்டுவிட்டதா? (வவுனியா)

கெடவில்லை. எழுத்து மட்டும் தெரியும் அந்தக் கறுப்புத் திரை, லினக்ஸின் உரைத்திரை, 512 எழுத்துருவங்களுக்கு மேல் வைத்திருக்காது. ஒரு கட்டத்துக்கு ஓர் உரு என்றே அதற்குத் தெரியும். ‘கொ’வின் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு எட்டாது. சாளரச் சூழலில் தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டுத் திறந்தால் சரியாக வரும். கோப்பில் எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையை 1992இல் வகுத்தவர்களில் ஒருவர் கென் தொம்சன். லினக்ஸுக்கும் பி.எஸ்.டி.க்கும் முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்தை 1969இல் பி.டி.பி.-7 கணினியில் தொடங்கியவரும் அவரே. அந்தப் பொறியில் இருந்த நினைவகம் 18 பிட் சொற்கள் எட்டாயிரம்தான். உங்கள் தமிழ்க் கோப்பே அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.