முகச் சுருக்கம் 'கிரேடு 3' என்றால் எவ்வளவு மோசம்? அதை எப்படிக் கணிக்கிறார்கள்?

போன வருடம் ஒரு தோல் மருத்துவர் உங்களுக்கு 2 என்று சொன்னார், இந்த வருடம் வேறொருவர் சீட்டில் 'சுருக்கம் - கிரேடு 3' என்று எழுதிவிட்டார், ஒரே வருடத்தில் முகம் இவ்வளவு முற்றிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முற்றவில்லை என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு எண்களையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று மட்டும் அடித்துச் சொல்வேன். நான் மருத்துவர் இல்லை. ஒரு தோல் சிகிச்சை மையத்தில் நான்கு வருடம், வருகிறவர்களின் முகத்தைப் படம் எடுத்து, மருத்துவருடன் சேர்ந்து கிரேடு போடும் வேலையில் இருந்தேன். ஆயிரக்கணக்கான நெற்றிகளைப் பார்த்த கண் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கிரேடு போட 'ஸ்கேல்' என்று ஒன்றை வைத்துக்கொள்வார்கள். ஸ்கேல் என்றதும் பென்சில் பெட்டியில் இருக்கும் அடிஸ்கேல் ஞாபகத்துக்கு வரும். இது அப்படி அளப்பது இல்லை. பெயின்ட் வாங்கும்போது சுவரோடு ஷேட் கார்டை ஒட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. சுருக்கமே இல்லாத முகத்தில் தொடங்கி ஆழமான சுருக்கம் வரை படங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். உங்கள் முகம் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் வருகிறதோ அதன் எண்தான் உங்கள் கிரேடு. சில ஸ்கேல்களில் படம் இருக்காது, வெறும் விவரிப்புதான். 1992-ல் கிரிஃபித்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் படங்களோடு ஒரு ஸ்கேலை வெளியிட்டபோது, விவரிப்பை மட்டும் படித்து மார்க் போடுவதைவிடப் படத்தைப் பார்த்துப் போடும்போது மார்க்குகள் நன்றாக ஒத்துப்போகின்றன என்று காட்டினார்கள். 'மிதமான ஆழம்' என்று எழுதி வைத்தால் ஆளுக்கொரு ஆழம் கற்பனை செய்துகொள்வார்கள் இல்லையா?

சிக்கல் என்னவென்றால் இப்படி ஸ்கேல்கள் ஏராளம். புருவ இடைக் கோடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஸ்கேல் 0 முதல் 3 வரைதான். அதில் 3 என்றால் உச்சம். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்புக்கு 2004-ல் வந்த டபிள்யூ.எஸ்.ஆர்.எஸ். என்ற ஸ்கேலில் 1 முதல் 5 வரை. 1 என்றாலே மடிப்பு இல்லை என்று அர்த்தம், 3 நட்டநடு. கிரிஃபித்ஸ் ஸ்கேல் 0 முதல் 8 வரை போகும், அங்கே 3 பாதிக்கும் கீழே. லேசர் சிகிச்சைக்காக 1996-ல் வந்த ஃபிட்ஸ்பேட்ரிக் சுருக்க ஸ்கேலில் 9 வரை உண்டு, அதில் 3 இன்னும் லேசான வகைக்குள்தான் வரும். க்ளோகாவ் என்ற மருத்துவரின் வகைப்பாட்டில் நான்கே வகை: இரண்டாம் வகை முகம் அசைந்தால் மட்டும் தெரியும் சுருக்கம், மூன்றாம் வகை சும்மா இருக்கும்போதே தெரிவது. ஒரே 3, எத்தனை முகம் பாருங்கள். உங்கள் சீட்டில் ஸ்கேலின் பெயர் இல்லையென்றால் அந்த 3 பாதி எழுதிய வாக்கியம்தான்.

இதில் கிளைக்கதை ஒன்று உண்டு. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற பெயரில் இருவர் இருக்கிறார்கள். வெயிலில் தோல் சிவக்குமா கருக்குமா என்று பார்த்து வகை பிரித்தவர் தாமஸ், 1975-ல். முதலில் நான்காக இருந்தது பிறகுதான் ஆறு வகை ஆனது. சுருக்க ஸ்கேல்காரர் ரிச்சர்ட். சீட்டில் 'ஃபிட்ஸ்பேட்ரிக் 4' என்று பார்த்துவிட்டு அழாத குறையாக வந்தவர்களுக்கு, "அது உங்க தோலோட நிற வகைங்க, சுருக்கமே இல்லை" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ!

சரி, மூக்கோர மடிப்பை நீங்களே பார்க்கலாம். கண்ணாடி முன் சிரிக்காமல், வாயை இறுக்காமல் நில்லுங்கள். மடிப்பு தெரிகிறதா? இப்போது விரலால் கன்னத்துத் தோலைக் காதுப் பக்கம் மெதுவாக இழுங்கள். டபிள்யூ.எஸ்.ஆர்.எஸ். சொல்வது இதுதான்: சாதாரணமாகத் தெளிவாகத் தெரிந்து, இழுத்தால் மறைந்துவிட்டால் 3. இழுத்த பிறகும் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக மிச்சம் நின்றால் 4. இழுத்தும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை 'வி' வடிவத்தில் பள்ளம் நின்றால் 5. எனக்குத் தெரிந்து 3-க்கும் 4-க்கும் நடுவே இவ்வளவு தெளிவாகக் கோடு போட்டுத் தருகிற ஸ்கேல் வேறு அதிகம் இல்லை. பெரும்பாலானவற்றில் கண்ணை நம்பித்தான் போக வேண்டும்.

கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். ஒருமுறை படம் எடுக்கும் அறையில் எதிர் விளக்கு பியூஸ் போய்விட்டது. பக்க விளக்கு மட்டும் எரிந்தது. நான் கவனிக்காமல் ஒரு வாரம் படம் எடுத்துத் தள்ளினேன். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் சேர்ந்துகொள்ளும். அந்த வாரம் வந்த எல்லோருக்கும் ஒரு கிரேடு ஏறியிருந்தது! சிகிச்சை பலிக்கவில்லையோ என்று மருத்துவர் குழம்பிப்போனார். இதையே தலைகீழாகச் செய்தால் விளம்பரம். 'முன்'னுக்குப் பக்க வெளிச்சம், 'பின்'னுக்கு நேர் வெளிச்சம், முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னால் போதும், கிரீமே வேண்டாம்.

அப்புறம், விளக்கு சரியாக இருந்தாலும் ஆள் மாறுகிறார். எங்களுக்கு ஒரு சோதனை வைப்பார்கள். கிரேடு போட்ட அதே படங்களைச் சில வாரம் கழித்து, வரிசையை மாற்றி, மறுபடி கொடுப்பார்கள். எனக்கே நான் போட்ட மார்க்கோடு சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. மாறியதெல்லாம் ஒரே ஒரு படிதான், அதுவும் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவே. 0-வும் கடைசிக் கிரேடும் யார் பார்த்தாலும் தப்பாது, நடுவில்தான் இழுபறி. ஒருவர் இரண்டு முறை பார்த்தாலே இப்படியென்றால், இரண்டு பேர் பார்த்தால்? இந்த ஒத்துப்போதலைக் கணக்கிடத்தான் கோஹன் என்ற உளவியலாளர் 1960-ல் சொன்ன 'கப்பா' என்ற எண்ணையும், 1968-ல் அதற்கு எடைபோட்டுத் திருத்திய வடிவத்தையும் பயன்படுத்துகிறார்கள். 2-ஐ 3 என்பதும் 0-வை 4 என்பதும் ஒரே அளவு பிழை ஆகாது அல்லவா? அதனால்தான் எடை. புருவ இடைக் கோட்டு ஊசி மருந்துகளின் ஆய்வுகள் பலவற்றில், மருத்துவரும் சிகிச்சை பெற்றவரும் தனித்தனியாகப் பார்த்து, இருவர் கணக்கிலும் இரண்டு கிரேடு குறைந்தால்தான் பலன் என்று ஏற்கிறார்கள். ஒரு படி இறக்கம் கண்ணின் தடுமாற்றமாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. பழைய ஸ்கேல்களின் மாதிரிப் படங்களில் வெளிர்நிற முகங்களே அதிகம். கருமை கூடிய தோலில் சுருக்கம் தாமதமாகத்தான் வரும், வெயிலின் வேலை முதலில் திட்டுத் திட்டான கருமையாகத் தெரியும். சுருக்கத்துக்குக் குறைந்த மார்க் வந்தது என்று வெயிலை அலட்சியம் செய்ய வேண்டாம்.

சிகிச்சை எடுப்பதாக இருந்தால் கிரேடைவிட, சுருக்கம் அசைந்தால் தெரிகிறதா, அசையாமலும் தெரிகிறதா என்பதே முக்கியம். முதலாவதற்குத் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் வகை ஊசி கேட்கும். ஆழமாக நின்றுவிட்ட மடிப்புக்குப் பெரும்பாலும் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி, லேசர் என்று பேச்சு போகும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். போன வருடம் பார்த்த இடத்தில் படம் எடுத்திருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். இந்த வருடப் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் முகபாவமும் ஓரளவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டையும் ஒரே மருத்துவரிடம் கொடுத்து ஒரே ஸ்கேலில் மார்க் போடச் சொல்லுங்கள். எது பழையது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.